பேச்சுக்கு வராத துயரம்

ஆசிரியருக்கு,

உளவளத்துணைச் (மனநல ஆலோசனைச்) சேவையை விரிவாக்கச் சொல்லும் உங்கள் தலையங்கம் தேவையானதுதான். ஆனால் மனதில் உள்ளதைப் பேசிவிட்டால் போதும் என்ற அதன் நம்பிக்கை எனக்குச் சரியாகப் படவில்லை. சொல்லுக்குள் வராத துயரமும் உண்டு. இலங்கைப் போரால் பாதிக்கப்பட்ட எங்கள் மக்கள் மனவேதனையை உடல் நோவாகச் சொல்வதை உளமருத்துவர் தயா சோமசுந்தரம் எழுதியிருக்கிறார்.

எங்கள் அயலில், 2009 இல் மகனைப் பறிகொடுத்த ஓர் அம்மா யார் கேட்டாலும் தலையிடி என்றுதான் சொல்வார். படிவத்தோடு வந்த உத்தியோகத்தர்கள் அதையே எழுதிக்கொண்டு போனார்கள். அதே அம்மா திருவெம்பாவை பாடும்போது வாய்விட்டு அழுவதை ஊரே பார்த்திருக்கிறது. வீடு தேடி வரும் உத்தியோகத்தர்களுக்குக் கேள்வி கேட்க மட்டுமல்ல, பேசாமல் கூட இருக்கவும், பாட்டு, கைவேலை வழியாக நெருங்கவும் பயிற்சியும் நேரமும் கொடுக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
கோண்டாவில்.