ஆத்தே கையின் குரல்

சிங்கப்பூர்
4 மே 2025, ஞாயிறு

அன்புள்ள கணக்குப்பிள்ளைக்கு,

உன் கடிதத்துக்கு ஐந்து மாதமாகப் பதில் போடாத பாவி எழுதுகிறேன். நாள், வாரம், மணி என்று நீ கணக்கு வைத்திருப்பாய் என்பது தெரியும். அதைப் பெர்த்திலேயே வைத்துக்கொள், இங்கே அனுப்பாதே. அம்மா நலம், காது மட்டும் மந்தம். என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடி மூன்றாவது முறையாகப் பணி ஓய்வு பெற்றுவிட்டு நான்காவது வேலை தேடிக்கொண்டிருக்கிறார். தேக்காவில் நாம் வழக்கமாக உட்காரும் தோசைக்கடையை மூடிவிட்டார்கள். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

அம்மாவைக் கவனித்துக்கொள்ள வந்திருக்கும் பிலிப்பினோப் பெண்ணை நாங்கள் ‘ஆத்தே’ என்றுதான் அழைக்கிறோம். அவர்கள் மொழியில் அதற்கு அக்கா என்று பொருள். அம்மாவோ, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளை ஒன்று மரியாதை தெரிந்து தன்னை ‘ஆத்தா’ என்று கூப்பிடுவதாக இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார். ஏப்ரல் 16, அவர்களுடைய புனித வாரத்துப் புதன்கிழமை, இரவுச் சாப்பாட்டு நேரத்தில் ஆத்தே சமையலறையில் நின்று தேம்பினாள். கேட்டதற்கு, “ஆத்தே கை போய்விட்டார்” என்றாள். “யாருக்குக் கையில் என்ன?” என்று அம்மா கூடத்திலிருந்து கத்தினார். சிரித்துவிட்டேன், சிரித்த பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

‘கை’ என்பது நோரா அவுனோரின் செல்லப்பெயர். பாடகி, நடிகை, 71 வயது. உனக்கு இந்தப் பெயர் நினைவிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் முன்பு பணிப்பெண்ணாக இருந்த சிரிப்பழகி, துணி மடிக்கும்போதெல்லாம் ஓடவிடும் அந்த ஒலிநாடா யாருடையது என்று நினைக்கிறாய்? ஆண்பிள்ளைக் குரலா, பெண்பிள்ளைக் குரலா என்று நீயும் நானும் பந்தயம் கட்டினோமே, அவருடையதுதான்.

அடுத்த திங்கட்கிழமை போப் பிரான்சிஸ் மறைந்தார். மறுநாள் 22ஆம் தேதி நோராவை மணிலாவின் வீரர்கள் கல்லறையில் அரசு மரியாதையுடன் அடக்கம் செய்தார்கள். அரிசி டப்பாவின் மேல் கைப்பேசியைச் சாய்த்து வைத்து ஆத்தே அதைப் பார்த்தாள். போப்புக்கும் பாடகிக்கும் சேர்த்து ஒரே மெழுகுவத்தியைத்தான் ஏற்றியிருந்தாள். அவளோடு நின்று பத்து நிமிடம் பார்ப்போம் என்று போனவள், ஏறத்தாழ இரண்டு வாரமாக அந்த அம்மாளை விட்டு வெளியே வர முடியாமல் இருக்கிறேன். பொறுமையாகப் படி, உன் அறுவைச் சுற்றுலாப் புகைப்படங்கள் நூற்றுப் பதினெட்டையும் நான் பார்த்தவள்.

1953இல் பிலிப்பைன்ஸின் பீகோல் வட்டாரத்தில் இரிகா என்ற ஊரில் பிறந்தவர். வறுமையான பெரிய குடும்பம். சிறுமியாக இருந்தபோது ரயில் நிலையத்தில் நிற்கும் வண்டிகளின் சன்னல்களுக்குத் தண்ணீரைத் தூக்கிக் காட்டி விற்றிருக்கிறார். 1967இல், பதினான்கு வயதில், ‘தவாக் நங் தங்ஹாலன்’ என்னும் புகழ்பெற்ற பாட்டுப் போட்டியில் வென்றார். அங்கிருந்து இசைத்தட்டு, தொலைக்காட்சி, சினிமா என்று படிப்படியாக ஏறினார் என்று எழுதினால் அது பொய். படியே இல்லாமல் ஏறினார். 1970களின் தொடக்கத்தில் அவர் பாடி வெளியிட்ட ஒரு ஹவாய்ப் பாட்டின் இசைத்தட்டு, அந்த நாட்டிலேயே மிக அதிகமாக விற்றவற்றில் ஒன்று.

இதில் என்னை உலுக்கியது விற்பனை அல்ல. அதுவரை அந்த ஊர்த் திரையில் கதாநாயகி என்றால் ஸ்பானிய, அமெரிக்கக் கலப்பில் பிறந்த வெள்ளைத் தோல், உயரம், கூர்மூக்கு. இவரோ குள்ளம், மாநிறத்துக்கும் கீழே ஒரு நிறம், தண்ணீர் விற்ற பிள்ளை. வீட்டு வேலை செய்தவர்களும் சந்தையில் மீன் விற்றவர்களும் தங்கள் முகத்தை முதன்முதலாகப் பெரிய திரையில் கண்டார்கள். பள்ளியில் என்னைக் ‘குள்ளக் கத்தரிக்காய்’ என்று அழைத்துப் பெருமைப்பட்டவள் நீ என்பதால், இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ரசிகர்கள் தங்களை ‘நோரானியர்’ என்று அழைத்துக்கொண்டார்கள். திர்சோ குரூஸ் என்ற இளம் நடிகரோடு இவரை இணைத்து, இருவரையும் காதலர்களாகவே கொண்டாடினார்கள். அவர் இவருக்கு ஒரு பொம்மை பரிசளிக்க, மரியா லியோனோரா தெரேசா என்று அதற்குப் பெயரிட்டு, அந்த ஜோடியின் குழந்தையாகவே ரசிகர்கள் அதைச் சீராட்டியிருக்கிறார்கள். சிரிக்காதே. நடிகைக்குக் கோயில் கட்டிய இனத்தில் பிறந்தவர்கள் நாம். பொம்மையைப் பார்த்துச் சிரிக்கும் தகுதி நமக்கில்லை. அவருடைய தொலைக்காட்சி நிகழ்ச்சியின் பெயரே ‘சூப்பர்ஸ்டார்’. அந்தச் சொல்லுக்கு ஒரே உரிமையாளர்தான் உண்டு என்று சத்தியம் செய்யும் உன் வீட்டுக்காரரிடம் இதைப் பக்குவமாகச் சொல்.

இத்தனை கொண்டாட்டத்துக்கு நடுவில், பாட்டுப் பாடிக் காதல் படங்களிலேயே காலத்தை ஓட்டியிருக்கலாம் அல்லவா? சொந்தப் பணத்தில் படத் தயாரிப்பு நிறுவனம் தொடங்கினார். 1976இல் ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்தைப் பற்றி, மாரியோ ஓ’ஹாரா இயக்கிய ‘கடவுள் இல்லாத மூன்று ஆண்டுகள்’ என்று பொருள்படும் படத்தைத் தயாரித்து நடித்தார். 1980இல் லீனோ புரோக்கா இயக்கிய ‘போனா’வையும் அவரே தயாரித்தார். அதை ஆத்தேயும் நானும் சேர்ந்து பார்த்தோம். படிப்பையும் வீட்டையும் விட்டுவிட்டு, துணை வேடங்களில் தலைகாட்டும் ஒரு மூன்றாந்தர நடிகனின் குடிசைக்குப் போய், அவனுக்குக் குளிக்க வெந்நீர் போட்டுக்கொண்டே வாழ்நாளைக் கழிக்கும் ஒரு ரசிகையின் கதை அது. இலட்சக்கணக்கானோர் யாரை வழிபட்டார்களோ, அவரே வழிபடுகிறவளாக வந்து, அந்த வழிபாட்டின் அசிங்கத்தை ஒரு சொல்லும் கூட்டாமல் காட்டுகிறார். கடைசியில் அந்த வெந்நீர் என்ன ஆகிறது என்பதைச் சொல்ல மாட்டேன். போன ஆண்டு கான் திரைப்பட விழாவின் செவ்வியல் பிரிவில், புதுப்பிக்கப்பட்ட பிரதியைத் திரையிட்டிருக்கிறார்கள்.

‘ஹிமாலா’ 1982இல் வந்தது. அதிசயம் என்று பொருள். இஷ்மாயில் பெர்னால் இயக்கினார், ரிக்கி லீ எழுதினார். மழை மறந்த ஒரு கிராமத்தில், கிரகணத்தின்போது மாதா தனக்குக் காட்சி தந்ததாகச் சொல்லும் எல்சா என்னும் பெண். அவளைத் தேடி வரும் நோயாளிகள், யாத்திரிகர்கள், வியாபாரிகள். இறுதிக் காட்சியில் ஏறத்தாழ 3,000 பேர் கொண்ட கூட்டத்தின் முன்னால் அந்தச் சின்ன உருவம் நின்று, “வாலாங் ஹிமாலா”, அதிசயம் என்று எதுவும் இல்லை என்கிறது. படம் ஓடும்போதே ஆத்தே அந்த வசனம் முழுவதையும் கூடவே சொன்னாள். அம்மா விழித்துக்கொண்டு, ஜெபம் நடக்கிறது என்று எண்ணிக் கைகூப்பினார். அவ்வளவு பெரிய கூட்டத்தின் முன் பேசுகிறவர் கத்தித் தீர்த்திருக்கலாம். அவரோ அந்தத் தாழ்ந்த சாரீரத்தை மேலே ஏற்றாமல், ஏதோ ஒருவரிடம் மட்டும் ஒப்புக்கொள்வதைப் போலத் தொடங்குகிறார். பாடத் தெரிந்தவருக்குத்தான் அது வரும் என்பது என் கட்சி. நீ மறுத்தால் மறுத்துக்கொள்.

இப்போது நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1995இல் அவர் நடித்த ஃபுளோர் கொண்டெம்ப்ளாசியோனின் கதை. இந்தப் பெயரை நீ மறந்திருக்க முடியாது. அந்த ஆண்டு மார்ச் 17, வெள்ளிக்கிழமை விடியலில், கொலைக் குற்றத்துக்காக இங்கே சாங்கிச் சிறையில் தூக்கிலிடப்பட்ட பிலிப்பினோப் பணிப்பெண். நான்கு பிள்ளைகளின் தாய். இரண்டு நாடுகளும் தூதர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டன. வழக்கின் நியாயத்தைப் பேச எனக்கு அறிவும் இல்லை, இறந்துபோன இன்னொரு பணிப்பெண்ணையும் சின்னஞ்சிறு பையனையும் மறந்துவிட்டுப் பேசவும் மனம் வராது. நான் சொல்ல வந்தது நம் புளோக்கில், ஏழாவது மாடியில் நடந்தது.

அந்த வாரம் முழுவதும் நாளிதழை மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போய் வரட்டுமா என்று சிரிப்பழகி கேட்டாள்; கூட்டம் கூடுவார்கள், வம்பு வரும் என்று நினைத்து, விருந்தாளிகள் வருவதாகப் பொய் சொல்லி நிறுத்திவிட்டேன். வாராந்திர விடுப்பைச் சட்டமாக்கியது 2013இல்தான். அன்று அது முதலாளியம்மாவின் மனத்தைப் பொறுத்தது, அந்த முதலாளியம்மாவுக்கு முப்பத்திரண்டு வயது, தன்னை மிகவும் நல்லவள் என்று நம்பிக்கொண்டிருந்தாள். விருந்தாளி வேண்டுமே என்று உன்னைக் கீழே வரச் சொன்னேன். நீயும் வந்தாய், பையன்களையும் அழைத்து வந்தாய். பிள்ளைகள் ‘வானொலி நிலையம்’ விளையாட்டு விளையாடினார்கள். உன் மகன் செய்தி வாசித்தான், என் மகன் வானிலை சொன்னான், நாம் இருவரும் கைதட்டினோம். கையில் கிடைத்த ஒலிநாடாவில் அதைப் பதிந்தார்கள். யாருடைய ஒலிநாடா என்று இப்போது நான் சொல்ல வேண்டியதில்லை.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. “பரவாயில்லை, மேடம்” என்றாள். நாம் அதை நம்பினோம்.

சென்ற வாரம் பரணில் அதைத் தேடி எடுத்தேன். மூக்குக்கண்ணாடியின் பழைய ஒலிப்பெட்டி இன்னும் ஓடுகிறது. உன் மகனின் செய்தி, என் மகனின் மழை, நம் கைதட்டல், நீ “போதும்டா” என்பது, பிறகு ஒரு சொடுக்கு. அதன் பின்னால், பக்கம் முடிவதற்குள் ஒரு நிமிடம்கூட இராது, நோரா பாடுகிறார். ஒரு வரியின் நடுவிலிருந்து. கனமான, அவசரப்படாத, இருட்டில் விளக்கைக் கையால் மறைத்துக்கொண்டு நடந்து வருகிறவரைப் போன்ற குரல். ஆத்தே அரிசி களைவதை நிறுத்திவிட்டு வந்து நின்றாள். நாடா அறுந்ததுபோல் முடிந்ததும், விட்ட இடத்திலிருந்து அவளே பாடி முடித்தாள். அந்தப் பெரிய பாடகி 2010இல் ஜப்பானில் செய்துகொண்ட ஓர் அழகு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பாடவே முடியாமல் போனார் என்பதை அதன் பிறகு அவள்தான் எனக்குச் சொன்னாள். மீதி வாழ்நாள் பதினைந்து ஆண்டையும் அவர் பாட்டு இல்லாமலே கழித்திருக்கிறார்.

ஆனால் நடிப்பை விடவில்லை. 2012இல் பிரில்லாந்தே மெண்டோசாவின் படத்தில், தென்கோடித் தாவி-தாவித் தீவுகளில் வாழும் மருத்துவச்சியாக வந்தார். ஊருக்கெல்லாம் பிரசவம் பார்த்தும் தனக்குப் பிள்ளையில்லாமல், கணவனுக்குத் தானே இரண்டாவது பெண்ணைத் தேடுகிறவள். வெனிஸ் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவுக்குப் போன படம். அடுத்த ஆண்டு ஆசியத் திரைப்பட விருதையும் அவருக்கு வாங்கித் தந்தது. அதில் வசனம் மிகக் குறைவு. கண்களே போதும் என்று இயக்குநர் விட்டுவிட்டார் போலும். 2014இல் தேசியக் கலைஞர் பட்டியலிலிருந்து அன்றைய அதிபர் பெனிக்னோ அக்கினோ அவர் பெயரை நீக்கினார். அமெரிக்காவில் முன்பு வந்த ஒரு போதைப்பொருள் வழக்கைக் காரணமாகச் சொன்னார்கள். ரசிகர்கள் கொதித்தார்கள். 2022இல்தான் அந்தப் பட்டம் வந்தது. ‘எங்களைப்போல ஒருத்தி என்பதால்தான் தாமதம்’ என்பது ஆத்தேயின் தீர்ப்பு, மேல்முறையீட்டுக்கு இடமில்லை.

ஃபுளோர் படத்துக்காக அவருக்குக் கெய்ரோ திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது கொடுத்தார்கள். அந்தப் படத்தை இன்னும் நான் பார்க்கவில்லை. ஆத்தேயோடு உட்கார்ந்து பார்க்கத் துணிவில்லை, தனியாகப் பார்ப்பதும் சரியாகப் படவில்லை.

இப்போது இந்தக் கடிதத்தின் உண்மையான காரணம். சிரிப்பழகி ஊர் திரும்பிய பின் அவளுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பிக்கொண்டிருந்தவள் நீதான், நான் அல்ல. ஒரு தபால்தலையையும் கணக்கில் விடாதவள் நீ; முகவரியை எங்கேயாவது எழுதி வைத்திருப்பாய். அனுப்பு. பழையதானாலும் சரி. ஒலிநாடாவை அப்படியே அனுப்பலாமா, அல்லது நம் பிள்ளைகளின் கூச்சலை வெட்டிவிட்டு அந்த ஒரு நிமிடத்தை மட்டும் அனுப்பலாமா என்று எனக்கு முடிவு செய்யத் தெரியவில்லை. உன் மகனிடமும் கேட்டுப் பார். செய்தி வாசித்தவன் அவன்தானே.

அம்மா கூப்பிடுகிறார்.

உன்,
குள்ளக் கத்தரிக்காய்