எது உண்மையான ஆள் என்று கேட்டாயே

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. சுங்கை சிப்புட்டில் எல்லாரும் நலம். மழை பிடித்துக்கொண்டால் அம்மாவுக்கு முழங்கால் வலி கூடுகிறது, வேறொன்றுமில்லை.

உன் மேலாளரைப் பற்றி நீ சொன்னது மனத்தை விட்டுப் போகவில்லை. பத்துப் பேர் முன்னிலையில் அறிக்கையை மேசை மேல் விட்டெறிகிற மனிதர், தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் வயதான தாயாருக்கு இட்லியைப் பிட்டு ஊட்டினாராமே. "இதில் எது அப்பா உண்மையான ஆள்?" என்று கேட்டாய். "இரண்டும்தான்" என்றேன். அது பாதிப் பதில்தான். மீதியை எழுதுகிறேன்.

ரப்பர்த் தோட்டத்தில் இருந்தவர்களுக்கு இந்தத் திகைப்பே வராது. அங்கே வேலையும் வீடும் ஒரே எல்லைக்குள். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் ஏசியவர் மாலையில் அதே குழாயடியில் வாளியோடு நிற்பார். ஒரு வீட்டில் தட்டு பறந்தால், ஒட்டி ஒட்டி வரிசையாக வீடுகள் இருக்கும் லயம் முழுவதும் கேட்கும். நீ வேலை பார்க்கும் பாயான் லெப்பாஸில் ஒருவருடைய வேலை நேரத்தை மட்டுமே பார்க்கிறாய். மீதி ஆள் எங்கோ ஓர் அடுக்குமாடியில் இருக்கிறார்.

நான் கணக்கு எழுதும் கிராணியாக இருந்த தோட்டத்தில், வேலையாட்களை மேற்பார்க்கும் தண்டல் ஒருவர் இருந்தார். நிரைக்குள் நுழைந்தால் மரம் மரமாகக் குனிந்து, பால் எடுக்கப் பட்டையில் போட்ட வெட்டைப் பார்ப்பார். உளி ஆழமாக இறங்கிக் காயம் பட்டுவிட்டால், மறுபடி வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகிவிடும். பிறகு அந்த இடத்தில் சீராக வெட்ட முடியாது. அவர் கவலைப்பட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் வெட்டிய பெண்ணை, உதவிக்கு வந்த அவள் மகன் எதிரிலேயே, பாட்டன் முப்பாட்டன் வரை இழுத்து ஏசுவதற்கும் பட்டைக்கும் என்ன சம்பந்தம்?

அதே மனிதர், படுக்கையில் விழுந்த மனைவிக்குத் தலை வாரிப் பின்னிவிடுவார். மிளகு ரசம் வைத்து, சோற்றைக் குழையப் பிசைந்து கொடுப்பார். மாரியம்மன் திருவிழாவில் கரகம் எடுக்கும்போது தேம்பித் தேம்பி அழுவார். "வீட்டில் தங்கமான மனிதர்" என்று பால் நிறுக்கும் இடத்தில் யாரோ சொல்ல, வாளியை இறக்கி வைத்த ஒரு பெண் சொன்னாள்: "தங்கம் அவர் வீட்டில் இருக்கிறது. எனக்குக் கிடைப்பது வசவுதான்."

வீட்டில் இருப்பதே நிஜம், வேலையில் காட்டுவது வெறும் வேடம் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் வேடத்தைக் கலைத்துவிட்டு ரசம் வைக்கப் போய்விடுவார். அந்தப் பெண் வாங்கிய ஏச்சு அவளோடுதானே வீட்டுக்குப் போகும்?

உன் தங்கையின் பல்கலைக்கழகக் குறிப்பில் ஒன்று படித்தேன். ஆர்லி ஹாக்சைல்டு என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் விமானப் பணிப்பெண்களையும் கடன் வசூலிப்பவர்களையும் ஆராய்ந்து 1983-இல் எழுதினாராம். அவர்களுக்குச் சிரிப்பதும் இவர்களுக்குச் சீறுவதும் சம்பளத்தோடு சேர்ந்த வேலை என்கிறார். எங்கள் தண்டலை அந்த வசூல்காரர்கள் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன். பெருமளவு பொருந்தியது. பெரிய துரை சின்ன துரையை ஏச, அவர் தண்டலை ஏச, அது இறங்கி இறங்கி மரத்தடியில்தான் வந்து நிற்கும்.

ஆனால் அவருக்குப் பின் வந்த தண்டல் குரலை உயர்த்தியதே இல்லை. காயத்தைச் சுட்டிக்காட்டி, உளியை வாங்கித் தாமே ஒரு வெட்டு வெட்டிக் காட்டுவார். அதே நிர்வாகம், அதே துரைமார், அதே மரங்கள். அதனால் எல்லாப் பழியையும் பதவியின் தலையில் போட எனக்கு மனம் வரவில்லை.

தலைகீழ் ரகமும் உண்டு. ஊருக்கெல்லாம் பவ்வியம், வீட்டுக்குள் பெல்ட். அவர்களைப் பற்றி எழுதினால் என் கையெழுத்துதான் கெடும்.

உன் மேலாளரின் தாய்ப்பாசத்தை மதி. ஆனால் அறிக்கையை எறிந்ததை அந்தக் கணக்கில் கழித்துவிடாதே. அவர் தனியாக இருக்கும் நேரம் பார்த்து, "குறை இருந்தால் என்னை அழைத்துச் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்" என்று சொல்லிப் பார். தாயாருக்கு ஊட்டத் தெரிந்தவருக்கு இது புரியாமல் போகாது. புரியாவிட்டால், அதுவும் உனக்குத் தெரிந்துவிடும்.

இன்னொன்று. நீயும் இப்போது மேற்பார்வையாளர். போன வாரம் அம்மா கோவில் கும்பாபிஷேகக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே "சரி, அடுத்தது?" என்றாயாம். அன்று முழுவதும் என்னைப் படுத்திவிட்டாள். சோறு போட்டுவிட்டு "அடுத்தது?", குழம்பு ஊற்றிவிட்டு "அடுத்தது?". சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனாலும் மறுபடியும் மறுபடியும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகக் கூப்பிடு. கும்பாபிஷேகம் இன்னும் பாதிகூட முடியவில்லை. வரும்போது ஊறுகாய்ப் போத்தல்களையும் எடுத்து வா. ஒன்றுகூடத் திரும்பவில்லை என்று அவள் கணக்கு வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா