கோபுரம் கட்டப்போகும் மாப்பிள்ளைக்கு

பாளையங்கோட்டை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. ஸ்டென்ட் வைத்து ஆறு வாரத்தில் நாலு பக்கம் எழுதியிருக்கிறாயே, அதற்கே ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். தங்கச்சி உப்பைக் குறைத்துவிட்டாள் என்று குறைப்பட்டிருக்கிறாய். நான் அவள் பக்கம். இங்கே வீட்டில் மூட்டுவலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை, காலையில் கோயில் வரைக்கும் நடந்து போய் வருகிறாள். பின்கட்டு முருங்கை போன மாதக் காற்றில் பாதி முறிந்து விழுந்தது. மீதிப் பாதி பூத்திருக்கிறது.

சரி, மூன்றாம் பக்கத்துக்கு வருகிறேன். அதை நான் நாலைந்து தடவை படித்தேன். ராத்திரி தூக்கம் வருவதில்லை, கண்ணை மூடினால் தம்பி முகம் வருகிறது என்று எழுதியிருக்கிறாய். பாகப்பிரிவினையில் கிணற்றோடு சேர்ந்த வயலை உன் பெயருக்கு எழுதிக்கொண்டு அவனுக்கு விளையாத செம்மணல் தேரிக்காட்டைத் தள்ளிவிட்டது, அவன் கேட்டு வந்த அன்றைக்கு வாசலிலேயே நிற்கவைத்துப் பேசி அனுப்பியது, அப்புறம் அவன் போய்ச் சேர்ந்தது. இப்போது ஊர்க் கோயிலுக்கு 12 லட்சத்தில் கோபுரம் கட்டிக் கொடுக்கப்போவதாக எழுதிவிட்டு, "நீ கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருஷம் கணக்கு பார்த்தவன், சபைக்கும் பொருளாளராக இருந்தவன், சொல்லு, கணக்கு நேராகுமா?" என்று கேட்டிருக்கிறாய்.

நேராகாது, மாப்பிள்ளை. 12 லட்சம் போதாது என்பதனால் சொல்லவில்லை. அந்தக் கணக்குப் புத்தகத்தில் நம் கையால் வரவு எழுதுவதற்குப் பத்தியே கிடையாது. உன்னைக் கலங்கடிக்க இதை எழுதவில்லை. எனக்கு இதைவிட ஆறுதலான செய்தி வேறு தெரியாது. அது எனக்கு எப்படிப் புரிந்தது என்று சொல்கிறேன். இதுவரை உனக்கும் இதைச் சொன்னதில்லை.

எங்கள் அம்மாவை உனக்குத் தெரியும். ஹாஸ்டலில் இருந்து நாம் ஊருக்குப் போகும்போதெல்லாம் அடுப்படியில் அந்தப் பித்தளைப் போணியைப் பார்த்திருப்பாய். உலை வைக்கும் முன்னால் களைந்த அரிசியில் கை வைக்கமாட்டாள், காய்ந்த அரிசியில் ஒரு கைப்பிடி எடுத்துப் போணியில் போட்டுவிட்டுத்தான் மீதியைக் களைவாள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். காலையும் மாலையும், ஐம்பது வருஷத்துக்கு மேல். கைப்பிடி அரிசி எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உண்டுதான், ஆனால் அம்மா அளவுக்குத் தவறாமல் எடுத்தவர்களை நான் பார்த்ததில்லை.

கடைசி மாதத்தில் அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "ஆண்டவர் முன்னால நிக்கும்போது நான் என்னத்தக் காட்டுவேன்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். நான் பொருளாளர் அல்லவா, ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு பட்டியல் போட்டேன். "கைப்பிடி அரிசி எடுத்தியே, ஓய்வுநாள் பள்ளியில பாட்டுச் சொல்லிக் கொடுத்தியே, தாயில்லாத ரெண்டு பிள்ளையள வளத்து ஆளாக்கினியே" என்று. நான் சொல்லச் சொல்ல அவள் முகம் இன்னும் சுருங்கியது. கடைசியில் சொன்னாள்: "அந்தப் பஞ்ச வருஷத்துல நான் கைய நிறைக்கலயே மக்கா. உங்களுக்குக் கஞ்சிக்குக் காணாதுன்னு விரல மடக்கிக் கொஞ்சமா எடுத்துப் போட்டேனே."

எனக்குப் பேச்சு வரவில்லை. ஐம்பது வருஷத்து அரிசியில் எந்த வருஷம் கை குறைந்தது என்று அவள் ஞாபகம் வைத்திருந்தாள். செய்ததைக் காட்டு என்றால் நல்லவர்களுக்குச் செய்யாததுதான் முதலில் ஞாபகம் வருகிறது. அதற்கு நான்தான் திரி தூண்டிவிட்டேன்.

மறுநாள் சபைப் போதகர் ஐயர் வந்தார். அப்போது எங்கள் சபையில் இருந்தவர் வயதானவர், அதிகம் பேசமாட்டார். நான் போட்ட பட்டியலை அவரிடமும் ஒப்பித்தேன். அவர் அதைக் கேட்டுக்கொண்டு, லூக்கா 23-ஐத் திறந்து, இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்ட கள்ளனுடைய பகுதியை மட்டும் வாசித்தார். "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்." வாசித்துவிட்டு அம்மாவிடம் கேட்டார்: "பாட்டி, அந்தக் கள்ளன் ஆண்டவருக்கு என்னத்தக் காட்டினான்?"

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். தன் வலது கையைத் தூக்கி, திருப்பிப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல ஐயரே. அவன் கைதான் சிலுவையில இருக்கே."

அவ்வளவுதான். அதற்குப்பிறகு அவள் என்னத்தக் காட்டுவேன் என்று கேட்கவில்லை. ஒன்பது நாள் இருந்தாள், நன்றாகத் தூங்கினாள். அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் போனாள்.

கிருபையினால் மட்டுமே இரட்சிப்பு என்று சின்ன வயசிலிருந்து நாம் கேட்டதுதான். பவுல் எழுதிய எபேசியர் 2:8 நமக்கு மனப்பாடம்: "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு." அந்த ஈவு என்ற சொல்லைப் பார். சங்கத்தில் நான் வருஷா வருஷம் உறுப்பினர்களுக்கு ஈவுத்தொகை போட்டுக் கொடுத்தேன். பங்குப் பணம் கட்டியவனுக்குத்தான் அது, கட்டின அளவுக்குத்தான். பவுல் சொல்லும் ஈவு முதல் போடாதவனுக்கு வருவது. ஈவு இரக்கம் என்று சேர்த்துச் சொல்கிறோமே, அந்த ஈவு. முப்பது வருஷம் ஒன்றை மட்டுமே பார்த்துப் பழகிய கண்ணுக்கு மற்றது தெரிய அம்மா சாகவேண்டியிருந்தது.

உன் கோபுரத்தைப் படித்ததும் எனக்கு, ஜெர்மனியில் சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த மார்ட்டின் லூத்தர்தான் ஞாபகம் வந்தார். அவர் காலத்துப் பிரச்சினையும் ஒரு கோயில் கட்டடத்தில்தான் வந்து நின்றது. ரோமாபுரியில் புனித பேதுரு பேராலயம் கட்டப் பணம் வேண்டும் என்று ஜெர்மனியில் பாவமன்னிப்புச் சீட்டு விற்றார்கள். அந்தப் பணத்தில் பாதி ரோமாபுரிக்கு, மீதிப் பாதி மைன்ஸ் பேராயர் ஆல்பிரெக்ட் பதவிக்காக வங்கி நடத்திய ஃபுக்கர் குடும்பத்திடம் வாங்கிய கடனை அடைக்க. சீட்டு வாங்கின ஏழைகளுக்கு இந்தக் கடன் விவகாரம் எதுவும் தெரியாது. அவர்களும் உன்னைப்போல ராத்திரி தூக்கம் வராதவர்கள்தான். செத்துப்போன அப்பாவுக்காக, பிள்ளைக்காக, கையில் இருந்த காசைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

1517 அக்டோபர் 31 அன்று லூத்தர் வெளியிட்ட 95 கருத்துரைகளைப் பற்றி நிறையப் பேர் பேசுகிறார்கள், வாசித்தவர்கள் குறைவு. 45-ஆவதை நீ வாசிக்கவேண்டும். தேவையில் இருப்பவனைக் கண்டும் காணாமல் கடந்துபோய்ச் சீட்டுக்குப் பணம் கொடுப்பவன் மன்னிப்பை வாங்கவில்லை, கடவுளுடைய கோபத்தைத்தான் வாங்குகிறான் என்கிறது அது. 62-ஆவது, சபையின் உண்மையான பொக்கிஷம் தேவனுடைய மகிமையையும் கிருபையையும் பற்றிய சுவிசேஷமே என்கிறது. இரண்டையும் சேர்த்து வாசித்துப் பார்.

அவரும் எளிதில் அங்கே வந்து சேரவில்லை. 1505-இல் எர்ஃபுர்ட் மடத்தில் சேர்ந்து, உபவாசம், கண்விழிப்பு, மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் என்று உடம்பை வருத்திக்கொண்டார். 'தேவநீதி' என்ற வார்த்தையையே வெறுத்தேன் என்று பிற்காலத்தில் எழுதினார், அது தன்னைத் தண்டிக்கிற நீதி என்று நினைத்திருந்ததால். ரோமர் முதலாம் அதிகாரத்தோடு மல்லுக்கட்டித்தான், அது தேவன் நமக்கு இலவசமாய்க் கொடுத்துப் போர்த்துகிற நீதி என்று கண்டுகொண்டார். திறந்த வாசல் வழியாகப் பரதீசுக்குள் போனதுபோல் இருந்தது என்கிறார். 1546 பிப்ரவரியில் ஐஸ்லேபனில், சாவதற்கு இரண்டு நாள் முன்னால், ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதினார்: நாம் பிச்சைக்காரர்கள், இது உண்மை. அத்தனை புத்தகம் எழுதினவர், வேதத்தை ஜெர்மனில் பெயர்த்துக் கொடுத்தவர் கடைசியில் எழுதியது இது. அம்மா கையைத் திருப்பிப் பார்த்ததும் இதுவும் எனக்கு ஒன்றாகவே தெரிகிறது.

தங்கச்சி இதைப் படித்தால், "எங்க ஆர்.சி. ஆட்களத் திட்டுறதுக்கு அண்ணனுக்கு ஒரு சாக்கு" என்பாள். அவளிடம் சொல், அந்தச் சண்டையில் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது. 1999-இல், அதே அக்டோபர் 31 அன்று, ஆக்ஸ்பர்க் நகரத்தில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலக சம்மேளனமும் ஒரே அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். நம்மிடம் உள்ள எந்தத் தகுதியினாலும் அல்ல, கிருபையினால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று இரண்டு பேரும் சேர்ந்து அறிக்கையிட்டார்கள். 2006-இல் மெதடிஸ்ட் சபைகளும் சேர்ந்துகொண்டன. இன்னும் தீராத விஷயங்கள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவள் வீட்டில் 'அருள்' என்பதும் நம் கோயிலில் 'கிருபை' என்பதும் ஒன்றுதான். அதை நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

"அப்படியானால் எதுவுமே செய்யவேண்டாமா, எப்படியும் வாழலாமா?" என்று நீ கேட்பாய். இதே கேள்வியைப் பவுலிடமும் கேட்டிருக்கிறார்கள், கூடாதே என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு ரோமர் ஆறாம் அதிகாரம் முழுக்க விளக்குகிறார். கிரியை இல்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபு சொல்வதும் உண்மைதான். லூத்தர் அந்த நிருபத்தை வைக்கோல் என்று எழுதிவிட்டார், அதில் நான் அவரோடு ஒத்துப்போகமாட்டேன். நமக்கு ஓய்வுநாள் பள்ளியில் எபேசியர் இரண்டில் எட்டும் ஒன்பதும் மனப்பாடம் செய்யவைத்து அதோடு நிறுத்திவிட்டார்கள். பத்தாம் வசனத்தை வாசி, நற்கிரியைகளைச் செய்வதற்கென்றே நம்மைச் சிருஷ்டித்தார் என்று இருக்கிறது. எது முதலில், எது பின்னால் என்ற வரிசையில்தான் எல்லாம் இருக்கிறது.

வரி வசூலித்த சகேயுவைப் பார். அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுத்தான் என்பதுதான் நமக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் அவன் ஆண்டவரைப் பார்க்க ஏறின மரத்தில் இருக்கும்போதே, ஒரு காசும் திருப்பிக் கொடுக்காதபோதே, இன்றைக்கு உன் வீட்டில் தங்கவேண்டும் என்று ஆண்டவர் சொல்லிவிட்டார். தன் வீட்டுக்கு அவர் வந்துவிட்டார் என்றதும் அவனுக்குக் கை தாராளமாகிவிட்டது. மன்னிப்பு வாங்குவதற்காகக் கொடுத்திருந்தால், போதுமா போதுமா என்று சாகும்வரை எண்ணிக்கொண்டிருப்பான், எங்கள் அம்மா மாதிரி.

அதனால் உனக்கு மன்னிப்பு இருக்கிறது, மாப்பிள்ளை. கோபுரத்துக்கு முன்னாலேயே இருக்கிறது. தம்பியை வாசலில் நிறுத்தின பாவத்துக்கும் சேர்த்துத்தான் ஆண்டவர் மரித்தார். இன்று ராத்திரியே, ஒரு செங்கல்லும் வைக்காமல், அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு படு. நான் இதை எவ்வளவு நிச்சயமாக எழுதுகிறேன் என்று உனக்குத் தெரியவேண்டும்.

அப்புறம் ஒன்று சொல்வேன், கோபித்துக்கொள்ளாதே. ஊர்க் கோயில் கோபுரம் இல்லாமலேயே இத்தனை வருஷம் ஓடிவிட்டது. உன் தம்பி மனைவி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வாடகை வீட்டில் இருக்கிறாள், தையல் மிஷின் வைத்துப் பிழைக்கிறாள், மூத்த பையன் பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். உன் உடம்பைப் பற்றி அவள்தான் என்னிடம் முதலில் விசாரித்தாள். "அத்தானுக்கு ஆப்பரேஷனாமே, ஜெபத்துல வச்சிருக்கேன்" என்றாள். இதை உனக்கு எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

கிணற்று வயலின் பத்திரம் உன் பெயரில்தானே இருக்கிறது? பாதியையோ முழுசையோ அவள் பெயருக்கு மாற்றுவது ஒரு நாள் வேலை. பத்திரம் எழுதுகிறவர் எனக்குத் தெரிந்தவர். முத்திரைத்தாள் செலவு, வில்லங்கச் சான்று எல்லாம் நான் விசாரித்து வைக்கிறேன். அவள் வாங்கமாட்டேன் என்றும் சொல்லலாம், சத்தம் போடலாம், அழலாம். அதற்கு நீ தயாராக இரு. அவள் மன்னித்தால்தான் ஆண்டவர் மன்னிப்பார் என்று மட்டும் நினைத்துக்கொண்டு போகாதே, மன்னிக்கப்பட்டவனாகப் போய் நில்.

டாக்டர் பிரயாணம் செய்யலாம் என்று சொன்னதும் ரயிலில் வா, பஸ் வேண்டாம். நான் ஜங்ஷனுக்கு வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். அன்றைக்கு இங்கே தங்கிவிட்டு மறுநாள் காலையில் ஊருக்குப் போவோம். அவள் வீட்டு வாசல் வரைக்கும் நானும் கூட வருகிறேன், உள்ளே நீ தனியாகப் போ. தங்கச்சியையும் அழைத்து வா, இங்கே வீட்டில் உப்பில்லாத சமையலுக்குப் பழகி ரொம்ப நாளாயிற்று.

அந்தப் பித்தளைப் போணி இப்போதும் எங்கள் அடுப்படியில்தான் இருக்கிறது. நேற்றும் அதில் அரிசி விழுந்தது.

அன்புடன்,
உன் மச்சான்