பேத்தி தப்பாக எழுதவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாலர் பள்ளிக்குப் போகும் என் ஆறு வயதுப் பேத்தியின் பயிற்சித் தாள் ஒன்று மூன்று வாரமாக எங்கள் வீட்டு ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. தாளில் இரண்டு கோப்பைகளின் படம். ஒன்று சன்னலோரம், இன்னொன்று அலமாரிக்குள். ‘எந்தச் செடி உயரமாக வளர்ந்தது? வட்டமிடு’ என்று கேள்வி. அவள் அலமாரிச் செடியை வட்டமிட்டிருக்கிறாள். அதன் மேல் சிவப்பு மையில் ஒரு தப்பு. அவள் எழுதியது தப்பில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பள்ளியின் பெயர் வேண்டாம். ஆசிரியை தங்கமான பெண். இருபத்திரண்டு வாண்டுகளை ஒற்றை ஆளாக மேய்க்கிறார், அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும். செடிக்கு என்னென்ன தேவை என்று பாடம். வீட்டில் செய்து பார்க்கச் சொல்லி ஒரு பிடி பச்சைப் பயிறும் பஞ்சும் இரண்டு பிளாஸ்டிக் கோப்பைகளும் கொடுத்தனுப்பினார். நாங்கள் இருப்பது ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடியின் பதினோராவது மாடி. வெயில் காலையில் சமையலறைப் பக்கம் மட்டும்தான் எட்டிப் பார்க்கும். ஒரு கோப்பை அந்தச் சன்னலில். இன்னொன்று என் சேலை அலமாரியின் கீழ்த்தட்டில். தினமும் காலையில் இரண்டிலும் இரண்டு கரண்டி தண்ணீர்.

ஞாயிற்றுக்கிழமை போட்ட பயிறு. வெள்ளிக்கிழமை இரண்டையும் மேசை மேல் வைத்துப் பார்த்தோம். சன்னல் கோப்பையில் இருந்தவை குட்டையாக, தண்டு தடித்து, இரண்டு பச்சை இலைகளை விரித்து நின்றன. அலமாரியில் இருந்தவை கடையில் விற்கிற தவ்கே (முளைப்பயிறு) மாதிரி வெள்ளை வெளேரென்று, கொக்குக் கழுத்தாய் வளைந்து, நுனியில் விரியாத மஞ்சள் இலையோடு ஓங்கி நின்றன. பேத்தி அளவுகோல் வைத்து அளந்தாள். சன்னல் 7 சென்டிமீட்டர், அலமாரி 16. “பாட்டி, இதுக்கு இருட்டுதான் பிடிக்குது” என்றாள். கண்ணால் கண்டதை, அளந்து பார்த்ததைத் தாளில் வட்டமிட்டாள். திங்கட்கிழமை தப்பு வாங்கி வந்தாள். நான் போய்க் கேட்டேன். விடைப் பட்டியலில் சன்னல் செடி என்றுதான் இருக்கிறது என்று ஆசிரியை பணிவாகவே சொன்னார்.

விடைப் பட்டியல் எழுதியவர் ஒரு தடவைகூடப் பயிறு முளைக்க வைத்ததில்லை என்று நினைக்கிறேன். எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு என் அம்மா முளைப்பாரி போடுவார். வெளிச்சம் படாத அறையில், மேலே துணி கட்டித்தான் வளர்ப்பார். அப்போதுதான் ஒரே வாரத்தில் நெடுநெடுவென்று வளரும், வெளிர் மஞ்சளாக இருக்கும். வெளியே வைத்தால் குட்டையாகப் பச்சை பிடித்து நிற்கும். தலைமுறை தலைமுறையாக நம் பெண்களுக்குத் தெரிந்த விஷயம் இது.

காரணமும் பெரிய மர்மம் இல்லை. பயிற்றின் இரண்டு பருப்புப் பாதியும் அதன் கட்டுச்சோறு. முளைக்கும்போது வெயிலும் வேண்டாம், மண்ணின் சத்தும் வேண்டாம். தண்ணீர், காற்று, கொஞ்சம் கதகதப்பு போதும். இருட்டில் மாட்டிக்கொண்ட முளை, தான் மண்ணுக்கடியில் இருப்பதாகவே நினைத்து, தண்டைத் தடிக்க வைக்காமல் இலையை விரிக்காமல், வைத்திருக்கிற சோறு முழுவதையும் நீளுவதிலேயே செலவழிக்கிறது. எங்கேயாவது வெளிச்சம் இருக்காதா என்ற தவிப்பு. அது செழிப்பு இல்லைதான், ஆனால் உயரம் உயரம்தானே!

சரி, கதை அத்தோடு முடியவில்லை. தப்பு வாங்கி வந்த அன்று சாயங்காலம் அலமாரிக் கோப்பையிலிருந்து நான்கு முளைகளை எடுத்து ஈரப் பஞ்சோடு ஒரு தட்டில் வைத்துச் சன்னலுக்கு மாற்றினேன். மற்றவை இருட்டிலேயே இருக்கட்டும் என்று விட்டேன். மறுநாள் பள்ளி விட்டு வந்தவள் பையைக்கூடக் கழற்றாமல் கத்தினாள்: “பாட்டி, பச்சையாயிடுச்சு!” அதற்குப் பிறகு தினமும் சோற்றுக்கு முன்னால் அலமாரியைத் திறப்பதே அவளுக்கு வேலை. பருப்புப் பாதிகள் சுருங்கி, பழைய தோல் மாதிரியாகி, ஒவ்வொன்றாக உதிர்ந்தன. பன்னிரண்டாம் நாள் இருட்டுக் கூட்டம் மொத்தமும் கோப்பை விளிம்பில் சாய்ந்து கிடந்தது. அடித்தண்டு கொழகொழவென்று, லேசான நாற்றம். என் பட்டுச் சேலையில் அந்த வாடை இன்னும் போகவில்லை. அவள் உற்றுப் பார்த்துவிட்டு, “சோறு தீந்துபோச்சு, வெயில் இல்லாம சமைக்க முடியல” என்றாள். நான் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை.

நான் படித்தவள் இல்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. ஆனால் நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில் 23 வருஷம் செம்பனை நர்சரியில் வேலை செய்தேன். முளை விட்ட விதையைக் கறுப்புப் பையில் வைக்கும்போது வேர் எது, குருத்து எது என்று பார்த்து வைக்க வேண்டும். தலைகீழாக வைத்தால் கன்று முறுக்கிக்கொண்டு வரும். முதல் மூன்று மாதம் வலை நிழல். நிழலை ஒரேயடியாக எடுத்தால் இலை கருகும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெயிலுக்குப் பழக்க வேண்டும். வெயில் தேவை என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம், எவ்வளவு என்று சொல்வதில்லை. தண்ணீர்மலைப் பூங்காவுக்கு ஒரு நாள் கூட்டிப் போனால் தெரியும். 1884-லிருந்து இருக்கிற தாவரவியல் தோட்டம். அங்கே பெரிய மரத்தின் அடியில் நிழலிலேயே செழிக்கிற செடிகளும் இருக்கின்றன.

தண்ணீர்க் கதை இன்னும் மோசம். வகுப்பறையில் ஒரு பூந்தொட்டி வைத்திருந்தார்கள். இருபத்திரண்டு பிள்ளைகளும் ஆளுக்கு ஒரு கோப்பை ஊற்றினார்கள், தினமும். அடியில் ஓட்டையும் இல்லையாம். பத்து நாளில் செடி மஞ்சளாகித் தொங்கிவிட்டது. திங்கட்கிழமை பிள்ளைகள் வருமுன் தொட்டியைத் தூக்கிவிட்டார்கள். கேட்ட பிள்ளைகளுக்கு, செடி ஊருக்குப் போய்விட்டது என்று பதில். என் பேத்தி அது எந்த ஊர், எப்போது திரும்பி வரும் என்று ஒரு வாரம் என்னைக் குடைந்தெடுத்தாள்.

அந்தச் செடியைப் பிடுங்கி ஒரு பழைய பேப்பர் மேல் போட்டுப் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்திருக்கலாம். நல்ல வேர் வெள்ளையாக, விறைப்பாக இருக்கும். மூழ்கிய வேர் பழுப்பாகி, இழுத்தால் தோல் மட்டும் கையோடு வரும். முகர்ந்தால் சாக்கடை வாடை. மண் துகள்களுக்கு நடுவே இருக்கிற காற்றைத்தான் வேர் சுவாசிக்கிறது. அந்த இடமெல்லாம் தண்ணீர் நின்றால் மூச்சுத் திணறிச் சாகிறது. எங்கள் மண்டோர் (மேற்பார்வையாளர்) இதற்காகத்தான் பைகளின் ஓட்டை அடைத்திருக்கிறதா என்று குச்சியால் குத்திப் பார்த்துக்கொண்டே நடப்பார், அடைத்திருந்தால் அன்றைக்கு எங்களுக்கு அர்ச்சனை. ‘செடிக்குக் காற்று வேண்டும்’ என்று பிள்ளைகள் கை தட்டிப் பாடுகிறார்கள். வேருக்கும் வேண்டும் என்று காட்டக் கிடைத்த வாய்ப்பு குப்பைத் தொட்டிக்குப் போய்விட்டது.

இந்த வழக்கைக் கேட்டுவிட்டு என் மகன் கைப்பேசியில் ஒன்றைப் படித்துக் காட்டினான். புருசெல்ஸில் வான் ஹெல்மோன்ட் என்று ஒரு விஞ்ஞானி இருந்தாராம். காய்ந்த மண் 200 ராத்தல் நிறுத்துத் தொட்டியில் போட்டு, 5 ராத்தல் வில்லோ கன்றை நட்டு, ஐந்து வருஷம் தண்ணீர் மட்டும் ஊற்றியிருக்கிறார். மரம் 169 ராத்தலுக்கு வந்துவிட்டது. மண்ணை மறுபடி காயவைத்து நிறுத்தால் குறைந்தது சுமார் 2 அவுன்ஸ்தான். அப்படியானால் மரம் மண்ணைத் தின்று வளரவில்லை, எல்லாம் தண்ணீரிலிருந்தே வந்தது என்று முடிவு கட்டினார். 1648-இல் அது அச்சிலும் வந்தது. பாதிதான் சரி. இலை காற்றிலிருந்து கரியமிலவாயுவை எடுத்து வெயிலை வைத்துச் சமைக்கிறது என்பது அப்புறம்தான் தெரிந்தது. அவ்வளவு பெரிய மனுஷர் ஐந்து வருஷம் பார்த்தும் பாதியில் நின்றார். என் பேத்திக்குக் கொடுத்தது ஐந்து நாள்.

பாலர் பள்ளி ஆசிரியைகளிடமும் பயிற்சித் தாள் அச்சடிப்பவர்களிடமும் கேட்பது இதுதான். பயிற்றை இரண்டு வாரம் விடுங்கள். இருட்டில் நீண்டதையும் பிள்ளை அளக்கட்டும், அது விழுவதையும் பார்க்கட்டும். விடையை அதற்குப் பிறகு திருத்துங்கள். செத்த செடியைப் பிள்ளைகள் பார்க்குமுன் ஒளிக்காதீர்கள். பெற்றோருக்கும் ஒன்று. வீட்டில் வாடிய செடிக்குப் பதில் பாசாரில் புதுச் செடி வாங்கி வைத்துப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புகிறீர்களே, அது யாருக்காக?

பேத்தியின் அடுத்த சோதனை ஆரம்பமாகிவிட்டது. ஒரு கோப்பைப் பயிற்றை ஐஸ்பெட்டிக்குள் ஊறுகாய்ப் போத்தலுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள், வெளியே இன்னொன்று. யாரும் நகர்த்தக் கூடாது என்று மருமகளுக்குக் கட்டளை. வெளியே இருப்பது இரண்டு இலை விட்டாயிற்று. உள்ளே இருப்பது வியாழக்கிழமையிலிருந்து அப்படியே கிடக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நர்சரித் தொழிலாளி,
ஜெலுத்தோங், பினாங்கு.