கிறிஸ்துமஸுக்குப் பார்சல் வேண்டாம், ஐயா

கர்த்தருக்குள் அன்பான மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஸ்தோத்திரம். இங்கே அப்பாவும் பெரியம்மாவும் சுகம். நீயும் மருமகளும் பாப்பாவும் சுகமாய் இருக்க தினமும் ஜெபத்தில் வைக்கிறோம்.

வருகிற ஞாயிறு அட்வெந்து முதல் ஞாயிறு, கிறிஸ்துமஸுக்கு இன்னும் நாலு வாரம்தான். மற்ற வருஷங்களில் இதற்குள் சேலை என்ன நிறம், அப்பாவுக்குச் சட்டை என்ன அளவு என்று கேட்டுவிடுவாய். இந்த வருஷம் போனே இல்லை. வேலை அதிகமாயிருக்கும். அதனால் நானே முந்திச் சொல்கிறேன். எங்களுக்கு, பெரியம்மாவுக்கு, அத்தை வீட்டுப் பிள்ளைகளுக்கு யாருக்கும் பார்சல் அனுப்ப வேண்டாம். போன வருஷச் சேலையே மடிப்புக் கலையாமல் இருக்கிறது. ஏர் ஃப்ரையரை அப்பா பரணில் ஏற்றிவிட்டார். அனுப்பின மனசை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது எல்லாம் என்ன விலை என்று அப்போதே நான் கேட்டிருக்க வேண்டும் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

கொடுக்கிறதைப் பற்றிச் சொல்கிறேன், கேள். பண்டிகைச் செலவெல்லாம் முடித்து மிச்சத்தில் கொடுப்போம் என்றால் மிச்சமே இராது. என்னைப் போலச் சபைச் சங்கக் கணக்கு பார்க்கிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது. கொடுக்க வேண்டியதை அட்வெந்து தொடக்கத்திலேயே தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும். போன டிசம்பர் வங்கிக் கணக்கை எடு. உடுப்பு, கேக், ஸ்டார், சீரியல் லைட், ஆபீஸில் குலுக்கல் போட்டுக் கொடுக்கிற கிஃப்ட், ஊருக்கு அனுப்பின பார்சல், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டு. பாப்பாவுக்கு ஒரு உடுப்பும் ஒரு விளையாட்டுச் சாமானும் போக மீதியைப் பாதியாக்கு. ஒரு பாதி கொடுக்க, ஒரு பாதி கையிருப்பு. அவ்வளவுதான் கணக்கு.

ஆனால் அது கையில் இருக்கிற பணமாக இருக்க வேண்டும். கிரெடிட் கார்டில் தேய்த்துக் கொடுக்காதே. கார்டில் வாங்கவும் வேண்டாம். நிலுவை 40,000 ரூபாய் என்று வை. மாசம் 3.5 சதவீதம் என்றால் வட்டி மட்டும் 1,400. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 252. குறைந்தபட்சத் தொகை என்று 5 சதவீதம், அதாவது 2,000 கட்டினால் அசலில் குறைகிறது வெறும் 348 ரூபாய். முழுசாகக் கட்டாத மாசத்தில் புதிதாக எதை வாங்கினாலும் வாங்கின நாளிலிருந்தே வட்டி ஓடும், அந்த நாற்பது ஐம்பது நாள் சலுகை கிடையாது. வட்டியில்லாத் தவணை என்கிறார்களே, அதிலும் மொத்தமாகக் கட்டினால் கிடைக்கிற தள்ளுபடி போய்விடும், பிராசஸிங் கட்டணம் தனி, வட்டிப் பங்குக்கு ஜிஎஸ்டி தனி. நீ படித்தவன், இதெல்லாம் உனக்குத் தெரியாததா. இருந்தாலும் சொல்கிறேன்.

உன் பேருக்கு பேங்கிலிருந்து இரண்டு கவர் இங்கே வந்திருக்கிறது. பழைய விலாசத்தை மாற்றவில்லை போல. நான் பிரிக்கவில்லை. அப்பா பார்க்கவில்லை.

நம் சபையில் கொடுக்கிறது என்றால் பெரிய தொகை என்று யாரும் நினைத்ததில்லை. உலை வைக்கும்போது அளந்த அரிசியைக் களையுமுன் ஒரு பிடி அள்ளித் தனிக் கலயத்தில் போட்டு, சேர்ந்ததைச் சபைக்குக் கொடுப்பது. ஒரு பிடி 40 கிராம் என்றாலும் இரண்டு வேளைக்கு 80. மாசம் 2,400 கிராம், ஏறக்குறைய இரண்டரைக் கிலோ. கழுவின பிறகு எடுத்தால் ஈரம் பட்டுக் கெட்டுப்போகும். புழுங்கலையும் பச்சரிசியையும் கலந்தால் விற்கும்போது விலை போகாது. ரேஷன் அரிசியைத் தனியாக வைக்க வேண்டும். கார்த்திகை மழையில் கலயத்து வாயைத் துணியால் மட்டும் கட்டினால் வண்டு வந்துவிடும், மூடி வேண்டும். இப்படிப் பிடியரிசியும் தேங்காயும் முட்டையும் கொடுத்துப் பழகின ஜனங்கள்தான் 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, வெள்ளைக்காரன் பணத்தை எதிர்பாராமல் தெலுங்கு தேசத்துக்கு ஆள் அனுப்பினார்கள். அந்தச் சங்கத்தைத் தொடங்கினவர்களில் ஒருவரான, வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா ஐயா தெலுங்கு தேசத்துத் தோர்ணக்கல்லுக்கு 1912-ல் பேராயர் ஆனார். அந்த வழியில் வந்த பிள்ளை நீ. முதல் சம்பளத்தில் நீ போட்ட காணிக்கை நம் சபைச் சங்க நோட்டில் இன்னும் இருக்கிறது. பக்கம் புரட்டும்போதெல்லாம் ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பக்கம் போவேன்.

ஹாஸ்டல் பிள்ளைகளுக்குச் செய்கிறதாக இருந்தால் ஒன்று கவனி. அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் 23, 24-ம் தேதிக்குள் பெரும்பாலான பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடும். 25-ம் தேதி கேக்கும் கையுமாகப் போனால் போக்கிடம் இல்லாத நாலைந்து பிள்ளைகள்தான் இருக்கும். கொடுக்கிறதை டிசம்பர் இரண்டாம் வாரத்தில் கொடுக்க வேண்டும். அதற்கு முன் வார்டனிடம் பட்டியல் கேட்க வேண்டும். எல்லாரும் கொண்டுவருவது பிஸ்கட்டும் கேக்கும் சின்னப் பிள்ளைகளுக்கான உடுப்பும். பதினாலு, பதினைந்து வயசுப் பையன்களுக்கு யாரும் வாங்க மாட்டார்கள். பெண் பிள்ளைகளுக்கு உள்ளாடை, நாப்கின், தலைக்குத் தேங்காய் எண்ணெய், பேன் சீப்பு, இதையெல்லாம் கேட்க வார்டன் கூச்சப்படுவார்கள், நாம்தான் கேட்டு எழுத வேண்டும். துவைக்கிற சோப்பு எப்போதும் முதலில் தீர்ந்துபோகிற சாமான். பழைய உடுப்பு கொடுத்தால் பொத்தான், ஜிப் சரிபார்த்து, துவைத்து, வயசு எழுதிக் கட்டு. கிழிந்ததைப் பிரித்து எரிக்கிற வேலையை அவர்கள் தலையில் கட்டக்கூடாது. பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுக்கவும் வேண்டாம். பராமரிப்பில் இருக்கிற பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிட சிறார் நீதிச் சட்டத்திலேயே தடை இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அந்தப் பிள்ளை நாளைக்கு வளர்ந்து பார்க்கும் அல்லவா.

முதியோர் இல்லத்துக்கு டிசம்பர் கடைசியில் சாப்பாடு வேண்டவே வேண்டாம். ஒரே நாளில் மூன்று வீட்டார் பிரியாணி கொண்டுவருவார்கள். பாதிப் பேருக்குச் சர்க்கரை, பிரஷர். மிச்சம் குப்பைக்குப் போகும். பிப்ரவரியில் எட்டிப் பார்க்க ஆள் இராது. அந்தப் பணத்தை வைத்திருந்து, ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலத்தில் பெரியவர்களுக்கான டயப்பர், பெட்ஷீட், வீசிங் மாத்திரை என்று கேட்டு வாங்கிக் கொடுக்கலாம். பள்ளிக்கூடப் பீஸ் ஜூனில். அதற்கும் இப்போதே கொடுக்க வேண்டியதில்லை, ஒதுக்கினால் போதும்.

வாட்ஸ்அப்பில் வருகிற சிகிச்சைப் படத்துக்கும் யாரோ ஒருவர் செல் நம்பருக்கும் அனுப்பாதே. ஸ்தாபனத்தின் பேரிலேயே உள்ள கணக்கில் போட்டு ரசீது வாங்கு. 2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிவிலக்கு இல்லை. சாமானாகக் கொடுத்தாலும் இல்லை. நீ புதிய வரிமுறையில் இருந்தால் எப்படிக் கொடுத்தாலும் இல்லை. ஆகையால் வரியை நினைத்துத் தொகையைக் கூட்டாதே.

பாப்பாவையும் இதில் சேர். உடையாத விளையாட்டுச் சாமான் ஒன்றை அவளே எடுத்துத் துடைத்துக் கொடுக்கட்டும். உடைந்ததைத் தள்ளிவிடப் பழக்காதே. முந்திரிக்கொத்து நான் செய்து அனுப்புகிறேன், பக்கத்து வீட்டுக்கெல்லாம் தட்டில் வைத்துக் கொடுக்க அது போதும்.

திரும்பவும் சொல்கிறேன், கார்டு வேண்டாம். கடன் இருக்கிற வருஷத்தில் கடனை அடைக்கிறதுதான் முதல் வேலை. கடன் வாங்கிப் போடுகிற காணிக்கை வேறொருவன் பணம். பவுல் கொரிந்தியருக்கு எழுதின இரண்டாம் நிருபம் எட்டாம் அதிகாரம் பன்னிரண்டாம் வசனத்தை எடுத்து வாசி. உள்ளதைத்தான் அங்கே கணக்கில் எடுக்கிறார், இல்லாததை அல்ல. ஒரு கிறிஸ்துமஸுக்கு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தால் இந்த வீட்டில் யாரும் உன் கையைப் பார்க்க மாட்டார்கள். அப்பாவும்தான். சின்னவன் விஷயத்தில் அவர் எப்படி நடந்துகொண்டார் என்று உனக்குத் தெரியும், அதைவிட உன்னிடம் பொறுமையாகத்தான் இருப்பார். டிக்கெட்டுக்கு வேண்டுமானால் சொல், என்னிடம் இருக்கிறது.

பெரியம்மாவுக்குக் கண் ஆபரேஷன் தேதி ஜனவரிக்குத் தள்ளிப்போயிற்று. மற்றது நேரில்.

வார்டனிடமிருந்து பட்டியல் வந்துவிட்டது. பையன்களுக்கு 22 பெட்ஷீட், துவைக்கிற சோப்பு, எண்ணெய் என்று இருக்கிறது. சங்கத்தில் வீட்டுக்கு வீடு பேர் எழுதுகிறோம். உன் பேருக்கு நேரே என்ன எழுதட்டும் என்று சனிக்கிழமைக்குள் போன் பண்ணு. நாலு சோப்பு என்றாலும் எழுதுகிறேன். இந்த வருஷம் ஒன்றும் இல்லை என்றாலும் அதைச் சொல்லவாவது போன் பண்ணு. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் அப்பா தூங்குவார், நான் மட்டும்தான் எடுப்பேன்.

அன்புடன்,
அம்மா