ஹெல்மெட்டும் காது மிஷினும்

ஐயா,

கம்பத்திலிருந்து குமுளிக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பைக்குகளைக் காலையில் லோயர் கேம்ப்பில் நின்று பாருங்கள். ஹெல்மெட் கண்ணாடியில் தொங்கும். மலையேறி செக்போஸ்ட் நெருங்கும்போதுதான், கேரளத்துக் கேமராவுக்குப் பயந்து, அது தலைக்குப் போகும். இவர்கள்தான் பரீட்சை நேரத்தில் பிள்ளைகளின் ஞாபகசக்திக்கு வல்லாரை லேகியம் தேடி அலைகிறவர்கள்!

மறதி நோயில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்று 2024இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு சொன்னது. அது சொன்ன 14 காரணங்களில் தலைக்காயம், ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, மது எல்லாம் உண்டு. காது மந்தமும் உண்டு. நம் ஊரில் கண்ணாடி போட்டால் படித்தவர், காது மிஷின் வைத்தால் கிழவர். எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் மிஷினை டப்பாவோடு பீரோவில் பூட்டிவிட்டு, டீக்கடையில் எது கேட்டாலும் தலையாட்டுகிறார். பேச்சு குறைந்துவிட்டது. வயதாகிவிட்டதென்று வீட்டாரும் விட்டுவிட்டார்கள்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்கிறார்கள். நல்ல காரியம். கூடவே முதியவர்களின் காதையும் ஞாபகத்தையும் சோதிக்கச் சுகாதாரத்துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

– ஒரு வாசகர், கம்பம், தேனி மாவட்டம்