எல்லை உண்டு, சரி; எந்த எல்லை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாசகர் கடிதம் பகுதியில் கருத்துச் சுதந்திரம் பற்றி மூன்று கடிதங்கள் வந்திருந்தன. மூன்றும் ஒரே மாதிரி "சுதந்திரத்துக்கும் எல்லை உண்டு" என்று முடிந்தன. உண்டுதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் வயல் வரப்பில் ஒரு சாண் தகராறு வந்தால்கூட நம் ஊரில் சர்வேயரைக் கூப்பிட்டு, சங்கிலி போட்டு அளந்து, கல் எங்கே புதைந்து கிடக்கிறது என்று தோண்டிப் பார்க்கிறோம். பேச்சு விஷயத்தில் மட்டும் கல்லை யாரும் தேடுவதில்லை, எவன் பெரிதாகச் சத்தம் போடுகிறானோ அவன் காட்டுகிற இடம்தான் எல்லை.

நான் வக்கீல் இல்லை. 31 வருடம் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வேலை பார்த்து பெஞ்ச் கிளார்க்காக ஓய்வு பெற்றவன். சட்டம் படித்ததைவிட, சட்டம் எப்படிப் புழங்குகிறது என்று பார்த்ததுதான் அதிகம். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அக்கா மகன் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். இரண்டு வருடம் முன்பு தேர்த் திருவிழாவுக்கு முந்தின வாரம், தேரோடும் வீதியில் சாக்கடை வழிந்து முழங்கால் அளவுக்கு நின்றது. போட்டோ எடுத்து வார்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "சாமியும் மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் வரணும், வசூல் பண்ணின காசெல்லாம் எங்கே?" என்று கீழே ஒரு வரி எழுதிவிட்டான். அவ்வளவுதான். பக்தர்கள் மனம் புண்பட்டுவிட்டது என்று புகார் போனது, ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. காலை 10 மணிக்குப் போனவனை சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். நான் போய், "என்ன செக்‌ஷன் சார்?" என்று கேட்டேன். "செக்‌ஷனெல்லாம் எதுக்கு சார், பையன் எதிர்காலத்தைப் பாருங்க, ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துட்டுக் கூட்டிட்டுப் போங்க" என்றார்கள், மரியாதையாகத்தான். எழுதிக் கொடுத்தான். பதிவை அழித்தான். எஃப்ஐஆர் கிடையாது, ரசீது கிடையாது, ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. சாக்கடையை எடுத்தார்களா என்று கேட்காதீர்கள், பிளீச்சிங் பவுடர் தூவினார்கள்.

சரி, கல் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். அரசியல் சாசனம் 19(1)(ஏ) பிரிவு, குடிமக்கள் எல்லோருக்கும் பேச்சுரிமையும் கருத்தை வெளியிடும் உரிமையும் உண்டு என்கிறது. பத்திரிகைச் சுதந்திரம் என்று தனியாக ஒன்றும் எழுதவில்லை, ஆசிரியரும் குடிமகன்தானே, தனியாக எதற்கு என்று அம்பேத்கரே சொல்லிவிட்டார். அடுத்து வருகிற 19(2)-தான் எல்லை. நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, வெளிநாடுகளுடன் நட்புறவு, பொது ஒழுங்கு, கண்ணியம் அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுதல். எண்ணிப் பாருங்கள், எட்டு. இந்த எட்டில் ஏதாவது ஒன்றுக்காக, ஒரு சட்டத்தின் மூலம், நியாயமான அளவுக்கு மட்டும் அரசு கட்டுப்பாடு விதிக்கலாம். ஒன்பதாவதாக ஒன்றைச் சேர்க்க நீதிமன்றத்துக்கே அதிகாரம் கிடையாது என்று 2023 ஜனவரியில் கௌஷல் கிஷோர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதி அமர்வு சொல்லிவிட்டது. "மனம் புண்பட்டது" என்பது இந்த எட்டில் எங்கே இருக்கிறது? நானும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்துவிட்டேன், இல்லை.

இந்த எட்டில் இரண்டு கல் நம் தமிழ்நாட்டை வைத்து நடப்பட்டவை என்பது பலருக்குத் தெரியாது. 1950-இல் ரொமேஷ் தாப்பர் பம்பாயில் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' என்ற ஆங்கில வார இதழ் சென்னை மாகாணத்துக்குள் வரக்கூடாது என்று மாகாண அரசு தடை போட்டது. சாசனம் நடைமுறைக்கு வந்து ஐந்து வாரம்கூட ஆகவில்லை. வழக்கு நேராக உச்ச நீதிமன்றம் போனது. அப்போது பட்டியலில் பொது ஒழுங்கு என்ற சொல்லே கிடையாது, அரசையே கவிழ்க்கிற அளவுக்கு ஆபத்து இருந்தால்தான் அரசின் பாதுகாப்பு என்ற காரணத்தைக் காட்டித் தடுக்க முடியும், பொதுப் பாதுகாப்பு என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லித் தடுக்க முடியாது என்று மே மாதமே தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி, அவரும் நம் சென்னைக்காரர்தான். நேரு அரசு சும்மா இருக்குமா, அடுத்த வருடமே முதல் திருத்தம் கொண்டுவந்து பொது ஒழுங்கு, வெளிநாட்டு நட்புறவு, குற்றத்துக்குத் தூண்டுதல் மூன்றையும் சேர்த்தது. ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும், 'நியாயமான' என்ற சொல் 19(2)-க்குள் வந்ததும் அதே திருத்தத்தில்தான். இன்று எந்த வக்கீலும் பேச்சுரிமைக்காக வாதாட எழுந்தால் முதலில் பிடித்துக்கொள்வது அந்த ஒரு சொல்லைத்தான்.

இன்னொரு கல், இறையாண்மையும் ஒருமைப்பாடும். 1963-இல் 16-ஆவது திருத்தம். திராவிட நாடு கேட்டுக்கொண்டிருந்த திமுகவை மனதில் வைத்துத்தான் வந்தது, அந்த வருடமே அண்ணா பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டார். சரியா தப்பா என்று இன்றைக்கும் விவாதிக்கலாம். ஆனால் அன்றைக்கு டெல்லி செய்தது என்ன என்று பாருங்கள். ஒரு பேச்சைத் தடுக்க வேண்டும் என்று தோன்றியபோது சாசனத்தையே திருத்தினார்கள், நாடாளுமன்றத்தில் வைத்து, விவாதித்து, வாக்கெடுத்து. இப்போது அதே வேலைக்கு ஒரு இன்ஸ்பெக்டரும் ஒரு பெஞ்சும் போதும்.

உங்கள் வாசகர் யாராவது "ஐபிசி 295ஏ இருக்கிறதே, மத உணர்வைப் புண்படுத்தினால் குற்றம்தானே?" என்று கேட்பார். நல்ல கேள்வி. ஐபிசி என்கிற இந்திய தண்டனைச் சட்டத்தில் 1927-இல் வெள்ளைக்காரன் காலத்தில் வந்த பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்திருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவில் 299 என்று எண் மாறியிருக்கிறது, மூன்று வருடம் வரை தண்டனை. அது செல்லும் என்று 1957-இல் ராம்ஜி லால் மோடி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. எதனால் செல்லும் என்று சொன்னது என்பதுதான் முக்கியம். வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு, ஒரு மதத்தை அவமதித்தால் மட்டும்தான் அந்தப் பிரிவுக்குள் வரும், அப்படிப்பட்ட அவமதிப்பு பொது ஒழுங்கைக் குலைக்கக் கூடியது, அதனால் செல்லும் என்றது. தெரியாமல் வாய் தவறிச் சொன்னதோ, அக்கறையில்லாமல் எழுதியதோ அதில் வராது. ஆக அங்கேயும் புகார் கொடுத்தவரின் மனம் எவ்வளவு வலித்தது என்பதை வைத்து முடிவு செய்ய முடியாது, எழுதியவரின் எண்ணம் என்ன என்று பார்க்க வேண்டும். தேர் வீதியில் சாக்கடை ஓடுகிறது என்று எழுதுகிறவன் சாமியை அவமதிக்கிறானா, சாக்கடையை விட்டுவைத்தவர்களையா?

"ஊர் கொந்தளித்துவிட்டால் போலீஸ் என்ன செய்யும்" என்பது அடுத்த கேள்வி. இதற்கும் நம் ஊர் வழக்கிலேயே பதில் இருக்கிறது. 'ஒரே ஒரு கிராமத்திலே' படம் இட ஒதுக்கீட்டை விமர்சிக்கிறது, திரையிட்டால் கலவரம் வரும் என்று சொல்லி, தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 1989-இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ஊர்வலம் போவோம், அடிப்போம் என்று மிரட்டுகிறார்கள் என்பதற்காகப் பேச்சைத் தடுத்தால் அது மிரட்டலுக்கு அடிபணிவது, ஒழுங்கைக் காப்பாற்றுவது அரசின் வேலை, முடியவில்லை என்று கைவிரிக்கக் கூடாது என்றது. எனக்கு அந்தப் படத்தின் கருத்தில் உடன்பாடு கிடையாது, இட ஒதுக்கீடு இல்லாவிட்டால் நான் கோர்ட் வாசலைக்கூட மிதித்திருக்க மாட்டேன். ஆனாலும் அந்தத் தீர்ப்பு சரி என்றுதான் நினைக்கிறேன்.

மன்னிப்பு எழுதிக் கொடுக்கும் கதைக்குத் திரும்ப வருகிறேன், ஏனென்றால் விஷயமே அங்கேதான் இருக்கிறது. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் 'மாதொருபாகன்' நாவலுக்காக எழுத்தாளர் பெருமாள்முருகனை அதிகாரிகள் முன்னிலையில் சமாதானப் பேச்சு என்று உட்கார வைத்து நிபந்தனையற்ற மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்ததும் ஊருக்கெல்லாம் தெரியும். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த மன்னிப்பு யாரையும் கட்டுப்படுத்தாது என்று சொன்னது, பிடிக்காவிட்டால் புத்தகத்தை வீசிவிட்டுப் போங்கள் என்றது, அவரை மறுபடி எழுதச் சொன்னது. பெரிய தீர்ப்புதான், நான் இரண்டு முறை முழுதாகப் படித்தேன். ஆனால் என் அக்கா மகனுக்கு எந்த உயர் நீதிமன்றம்? எஃப்ஐஆர் இருந்தால் ரத்து செய்யச் சொல்லலாம், எதுவுமே இல்லாததை எப்படி ரத்து செய்வது? அவன் எழுதிக் கொடுத்த காகிதம் எந்தக் கோப்பில் இருக்கிறது என்பதுகூட எங்களுக்குத் தெரியாது.

எல்லாப் பேச்சையும் விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. வெட்டு, குத்து, அந்தத் தெருவைக் கொளுத்து என்று மேடையில் பேசுகிறவனை அன்றைக்கு ராத்திரியே தூக்க வேண்டும், அது எட்டாவது கல். சாதிப் பெயரைச் சொல்லி ஊரறியத் திட்டுகிறவனுக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. கொடுமை என்னவென்றால், நான் பார்த்த வரையில் இப்படிச் செக்‌ஷன் தெளிவாக இருக்கிற இடத்தில்தான் "பேசித் தீர்த்துக்கோங்கப்பா" என்பார்கள், செக்‌ஷனே இல்லாத இடத்தில் பெஞ்சில் உட்கார வைப்பார்கள்.

அவதூறு பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, பத்திரிகைக்காரர்கள் பட்டவர்கள். உண்மையாக இருந்தால் மட்டும் போதாது, பொது நன்மைக்காகச் சொன்னதாகவும் இருந்தால்தான் கிரிமினல் அவதூறில் முதல் விதிவிலக்கு கிடைக்கும். இந்தக் கிரிமினல் அவதூறுச் சட்டம் செல்லும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. அந்த வருடம் அதே நீதிமன்றத்தில் கொடுக்கப்பட்ட பட்டியல்படி, தமிழக அரசு ஐந்து வருடத்தில் போட்ட அவதூறு வழக்குகள் 213, அதில் 55 ஊடகங்கள் மேல். 2020-இல் சென்னை உயர் நீதிமன்றம் பத்திரிகையாளர்கள் மேல் இருந்த பல வழக்குகளை ரத்து செய்தது, ஆனால் அதற்குள் எத்தனை வாய்தா, எத்தனை தடவை கோர்ட் படி ஏறி இறங்கியிருப்பார்கள் என்று என்னைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். அப்படிக் காத்திருக்கும் ஆட்களுக்கு ஆயிரக்கணக்கில் பெயர் கூப்பிட்டிருக்கிறேன்.

செத்துப்போன சட்டமும் நம் ஊரில் எழுந்து நடக்கும். இணையத்தில் புண்படுத்தும்படி, எரிச்சலூட்டும்படி எதையாவது அனுப்பினால் குற்றம் என்ற தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24-இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அடியோடு ரத்து செய்தது. விவாதிப்பதும் ஆதரித்துப் பேசுவதும் எவ்வளவு பிடிக்காமல் இருந்தாலும் உரிமை, தூண்டுதல் என்ற கட்டத்துக்குப் போனால்தான் அரசு தலையிடலாம் என்று அழகாகப் பிரித்துச் சொன்ன தீர்ப்பு. அதற்கு அப்புறமும் நாடு முழுக்க அந்தப் பிரிவில் வழக்குப் போட்டுக்கொண்டே இருந்தார்கள், 2022-இல் உச்ச நீதிமன்றம் மறுபடி ஒருமுறை, இந்தப் பிரிவில் யார் மேலும் வழக்கு நடத்தக் கூடாது என்று உத்தரவு போட வேண்டியிருந்தது.

இப்போதைக்குக் கையில் இருக்கிற நல்ல ஆயுதம் 2025 மார்ச் 28 தீர்ப்பு. இம்ரான் பிரதாப்கடி என்ற எம்.பி. ஒரு கவிதையோடு வீடியோ போட்டதற்கு குஜராத் போலீஸ் போட்ட வழக்கை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மூன்று வருடமோ அதற்கு மேலோ, ஆனால் ஏழு வருடத்துக்குக் கீழ் தண்டனை வரக்கூடிய குற்றங்களில், டிஎஸ்பி அனுமதியோடு 14 நாளில் முதல்கட்ட விசாரணை நடத்தலாம் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 173(3) சொல்கிறதே, பேச்சு சம்பந்தப்பட்ட புகாரில் அதைப் பயன்படுத்துவதுதான் முறை என்றது. பேச்சின் விளைவை எடைபோடும்போது திடமனதுள்ள, நிதானமான ஆளின் அளவுகோலை வைக்க வேண்டும், எதைக் கேட்டாலும் பதறுகிறவரை வைத்து அளக்கக் கூடாது என்றும் சொன்னது. இதை எத்தனை ஸ்டேஷனில் படித்திருப்பார்கள்?

உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்த மூன்று கடிதங்கள் வந்த அதே நாளில் நான்காம் பக்கத்தில் ஒரு கட்டம் கட்டிய செய்தி போட்டிருந்தீர்கள், "சமூக வலைதளத்தில் சர்ச்சைக் கருத்து: வாலிபரிடம் விசாரணை" என்று. முழுக்கப் படித்தேன். அவன் வயது இருக்கிறது, அப்பா பெயர் இருக்கிறது, என்ன வேலை பார்க்கிறான் என்பது இருக்கிறது, புகார் கொடுத்த அமைப்பின் மாவட்டச் செயலாளர் பெயர் இருக்கிறது. அவன் என்ன எழுதினான் என்பது இல்லை, எந்தப் பிரிவு என்பதும் இல்லை. இனிமேல் இந்த மாதிரிச் செய்தி போடும்போது நிருபரைக் கொஞ்சம் சிரமப்படச் சொல்லுங்கள். என்ன சொன்னான், எந்தப் பிரிவில் வழக்கு, எஃப்ஐஆர் எண் உண்டா, எட்டில் எது. போலீஸ் தரப்பில் பதில் சொல்ல மறுத்தால் மறுத்தார்கள் என்றே போடுங்கள். அப்புறம் அந்த வாலிபரின் அப்பா பெயரை விட்டுவிடுங்கள், அவர் ஒன்றும் எழுதவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர்,
தஞ்சை மாவட்டம்.